ஈயக் குதிரைகளும் இராவுத்தர் தலைப்பாகையும்

'இராவுத்தர்' என்னும் சொல் நம் இல்லங்களில் புழங்காத நாளில்லை. திருமண அழைப்பிதழ்களிலும், கடைப் பலகைகளிலும், ஜமாஅத் பதிவேடுகளிலும் அது இடம்பெற்றுக்கொண்டே இருக்கிறது. அதன் பொருள் யாது என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் விழிப்பர். குதிரை வீரன் என்பதே அதன் பொருள். தமிழ் அகராதிகள் அவ்வாறே கூறுகின்றன. அருணகிரிநாதர் முருகப் பெருமானையே 'இராவுத்தன்' என்று விளித்துப் பாடியிருக்கிறார் என்றால், அச்சொல் தமிழ் மண்ணில் எத்துணை மதிப்புடன் வழங்கியது என்பதை உணரலாம்.

பாண்டிய நாட்டுத் துறைமுகங்களில் ஆண்டுதோறும் பத்தாயிரம் குதிரைகள் வந்திறங்கின என்றும், குதிரை ஒன்றின் விலை 220 பொற்காசுகள் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்தார். அக்குதிரைகளைக் கொணர்ந்தவர்களும் பழக்கியவர்களும் யாவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இன்று மூலனூரிலோ தாராபுரத்திலோ குதிரை ஏறத் தெரிந்த இராவுத்தர் ஒருவரைக் காண்பது அரிது. பருத்தி ஏலத்திற்கு வருவோர் உண்டு. திருப்பூர் பனியன் தொழிலில் ஈடுபட்டோர் உண்டு. குதிரை மட்டும் பெயரோடு நின்றுவிட்டது. அந்தக் குதிரையைச் சுண்டுவிரல் அளவிலேனும் மீட்டெடுக்கும் ஒரு கைத்தொழிலைப் பற்றியே இக்கட்டுரை பேசப் புகுகிறது.

மேசை மேல் ஒரு போர்க்களம்

மேலை நாடுகளில் வரலாற்றுப் போர்களை மேசை மேல் நடத்திப் பார்க்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு. பிரஷ்ய நாட்டின் ரெய்ஸ்விட்ஸ் என்னும் அதிகாரி, தம் தந்தை தொடங்கிய போர் விளையாட்டைச் செம்மைப்படுத்தி 1824இல் அந்நாட்டுப் படைத் தலைமையிடம் காட்டினார். அவர்களுக்கு அது பொழுதுபோக்கன்று, அதிகாரிகளுக்கான பயிற்சி. 1893இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கிய பின்னர், அவ்வுருவங்கள் நடுத்தர வீடுகளின் பிள்ளைகள் கைக்கும் வந்து சேர்ந்தன. நாவலாசிரியர் எச்.ஜி.வெல்ஸ் 1913இல் இவ்விளையாட்டிற்கென ஒரு நூலே எழுதினார்.

இன்று இத்துறையில் பெரிதும் புழங்குவது 28 மில்லிமீட்டர் உருவம். நிற்கும் வீரன் ஏறத்தாழ ஓர் அங்குலம். குதிரை மேல் அமர்ந்தால் இரண்டு அங்குலத்தை ஒட்டி வருவான். இதனினும் சிறிய 15 மில்லிமீட்டர் உருவங்களும் உண்டு. ஒரு பொம்மை இருபது வீரர்களுக்குச் சமம் என்று கணக்கிட்டால், நானூறு குதிரை வீரர் கொண்ட படைப்பிரிவை இருபது பொம்மைகளில் நிறுத்திவிடலாம். அளவுகோலால் தூரத்தை அளந்து, முறை வைத்து நகர்த்தி, மோதலின் முடிவை விதிகளின்படி தீர்ப்பர்.

நம் மண்ணில் நடந்த போர்

இதில் நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதும்தான். தாராபுரத்திற்கும் கரூருக்கும் இடைப்பட்ட இந்த வறண்ட சமவெளி, ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் மைசூர் அரசிற்கு உட்பட்டது. 1783இல் கர்னல் புல்லார்ட்டன் தாராபுரம் கோட்டையைப் பிடித்தார். அடுத்த ஆண்டு உடன்படிக்கையின்படி அது மைசூருக்கே திரும்பியது. மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டபோது, 1790ஆம் ஆண்டு ஜூனில் ஜெனரல் மெடோஸ் கரூரைக் கைப்பற்றி, ஜூலையில் கோயமுத்தூரை அடைந்தார். அவருடைய குதிரைப்படைத் தலைவர் கர்னல் பிளாய்டு சத்தியமங்கலத்தில் முகாமிட்டிருந்தார். திப்பு சுல்தான் கஜலட்டிக் கணவாய் வழியே இறங்கி வந்து, செப்டம்பர் 13ஆம் நாள் அவரைத் தாக்கினார். பிளாய்டு பின்வாங்க நேர்ந்தது. அக்டோபர் மாதத்தில் தாராபுரம் மீண்டும் சுல்தான் வசமாயிற்று.

அன்று சத்தியமங்கலத்தில் எதிரெதிரே நின்ற குதிரை வீரர்கள் யாவர்? ஆங்கிலேயர் பக்கத்தில், 1782இல் சென்னை வந்திறங்கிய வெள்ளையர் குதிரைப்படை ஒன்று இருந்தது. அதனுடன் சென்னை மாகாண இந்தியக் குதிரைப்படைகளும் நின்றன. இந்தியக் குதிரைப்படைகளின் வேர் ஆற்காட்டு நவாபின் படைகளில் இருக்கிறது. சம்பளப் பாக்கிக்காக 1784இல் ஆரணியில் கிளர்ந்தெழுந்தவையும் அவையே. அவற்றில் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் தென்னாட்டு முஸ்லிம்கள். திப்புவின் பக்கத்திலோ அரசே குதிரை வழங்கிய நிலைப்படையினரும், சொந்தக் குதிரையோடு வந்து கூலி பெற்ற சிலேதார்களும் இருந்தனர். சிலேதாரின் குதிரை போரில் மடிந்தால் அவன் பிழைப்பும் அத்தோடு போயிற்று. ஆகவே அவன் முட்டி மோதுவதைவிடச் சுற்றி வளைத்துத் தொல்லை தருவதையே விரும்பினான். ஆங்கில நூல்கள் இதைக் கோழைத்தனம் என்று எழுதிவிட்டுப் போயின. பிறருடைய குதிரையில் ஏறிய பார்கீர் வீரனுக்கு அந்தக் கவலை இல்லை. பொருளாதாரம் போர்முறையை எங்ஙனம் வகுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆக, ஒரே மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள், ஒரே வகைக் குதிரைகளில், இருவேறு கொடிகளின் கீழ் வாளோங்கி நின்றனர். ஐரோப்பாவிலிருந்து வரும் உருவப் பட்டியல்களில் இவ்விருவரையும் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். வெள்ளையர் படைக்கு ஒவ்வொரு பொத்தானும் குறையாத உருவங்கள் கிடைக்கும். நம்மவருக்கு, 'சுதேசிக் குதிரை வீரன்' என்ற பொதுப் பெயரில் முகலாயர், மராட்டியர், மைசூரார் அனைவருக்கும் சேர்த்து ஒன்றிரண்டு உருவங்கள் கிடைத்தால் பெரிது. எனவேதான் உருமாற்றும் கலை தேவைப்படுகிறது.

வெட்டுதலும் ஒட்டுதலும்

எளிதில் கிடைப்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கால வங்காள ஈட்டிப் படை வீரனின் உருவம். தலைப்பாகை உண்டு, தாடி உண்டு. பார்த்தவுடன் நம்மவன் போலவே தோன்றும். ஆனால் அவன் திப்புவின் காலத்திற்கு நூறாண்டு பிந்தியவன். முழங்கால் வரை ஏறிய தோற்காலணி, மார்பில் குறுக்கே தோல்வார், தோட்டாப் பை, சேணத்தருகே குட்டைத் துப்பாக்கி, தலையில் கூம்புக் குல்லாவைச் சுற்றிய பஞ்சாபிப் பாகை ஆகிய அனைத்தும் நீங்க வேண்டும்.

முதலில் மெல்லிய அரத்தால் வார்களையும் பையையும் இழைத்து எடுக்க வேண்டும். இங்கே இல்லத்தரசிகளுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய வார்ப்பு உருவங்களில் ஈயம் கலந்திருக்கும். அதன் தூள் நஞ்சு. சமையற்கட்டிலோ சாப்பாட்டு இடத்திலோ இவ்வேலை கூடவே கூடாது. ஈரத் துணி விரித்து அதன் மேல் இழைத்து, தூளைத் துணியோடு அப்புறப்படுத்தி, கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். வாயில் பொருள்களை வைக்கும் பருவத்துக் குழந்தைகள் அருகில் இருத்தல் ஆகாது. ஈயம் கலவாத வெள்ளை உலோகத்திலும், பிளாஸ்டிக்கிலும் உருவங்கள் இப்போது கிடைக்கின்றன. வாய்ப்பிருந்தால் அவற்றையே வாங்குங்கள்.

அடுத்து, தலையை நுண்ணிய வாளால் கழுத்தில் அறுத்து, வேறு திசை நோக்கித் திருப்பி ஒட்டுவர். வெறும் பசை நிற்காது. கழுத்திலும் தலையிலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளையிட்டு, பித்தளைக் கம்பித் துண்டைச் செருகி, பின் பெவிக்விக் இட வேண்டும். ஒரே அச்சில் வார்த்த இருபது வீரர்கள் இருபது திசை நோக்கினால்தான் படை உயிர் பெறும். ஈட்டியை நீக்கிவிட்டுத் தட்டையான கம்பியால் வளைந்த வாள் செய்யலாம். முதுகில் வட்டக் கேடயம் மாட்ட வேண்டும். அதன் முகத்தில் நான்கு குமிழ்கள் இருத்தல் மரபு.

தலைப்பாகைதான் இக்கலையின் உயிர்நாடி. இரு கூறுகளைச் சமமாகப் பிசைந்து பயன்படுத்தும் எம்-சீல் போன்ற எபாக்ஸி மாவு நம் ஊர் இரும்புக் கடைகளிலேயே கிடைக்கிறது. அது விரைவில் இறுகிவிடும் என்பதால் கடலை அளவே பிசைய வேண்டும். நூல்போல் உருட்டி, இரு இழைகளை முறுக்கி, தலையைச் சுற்றித் தட்டையாகப் பொருத்தி, தண்ணீரில் தொட்ட ஊசியால் மடிப்புகளைக் கீறினால் பாகை உருவாகிவிடும். திருப்பூர்ப் பக்கத்தில் தையல் ஊசிக்கா பஞ்சம்? உடைந்த ஓவர்லாக் ஊசியை ஒரு மூங்கில் குச்சியில் செருகிக்கொண்டால் விலையுயர்ந்த கருவிகள் யாவும் தோற்கும். குதிரையின் கடிவாள வாருக்குத் தையல் நூலில் மெழுகு தடவிப் பயன்படுத்தலாம். சேணத்தின் கீழ் விரிக்கும் துணிக்குத் தேயிலைப் பொட்டலத்தின் உட்தாள் போதும்.

அதே மாவினால் இடுப்பிற்குக் கீழே ஜாமா என்னும் நெடிய அங்கியின் மடிப்புகளைச் சேர்க்கிறோம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அங்கியின் முடிச்சை முஸ்லிம்கள் வலப்பக்கமும், இந்துக்கள் இடப்பக்கமும் இட்டுக்கொள்வது அக்கால வழக்கம். பழைய ஓவியங்களைப் பார்த்து வீரன் யார் என்று அறிவதற்கு அறிஞர்கள் கொள்ளும் அடையாளங்களுள் இதுவும் ஒன்று. இரண்டு மில்லிமீட்டர் முடிச்சுதான்; ஆனால் அதை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதில் ஒரு மனிதனின் அடையாளம் இருக்கிறது.

ஒரு தலைப்பாகைக்காக

"மாமா, இத்துணூண்டு தலைப்பாகைக்கு இவ்வளவு நேரமா?" என்று என் தங்கை மகன் ஒருநாள் கேட்டான். அவனுக்கு நான் வேலூர் வரலாற்றைத்தான் சொன்னேன்.

1805ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைப் படைத் தலைவர் ஜான் கிரடாக், சிப்பாய்களுக்குப் புதியதொரு தலைப்பாகையைக் கட்டாயமாக்கினார். தோலாலான குஞ்சம் பொருத்திய அப்பாகை, ஐரோப்பியத் தொப்பியைப் போன்றிருந்தது. தாடியை மழிக்க வேண்டும், நெற்றிக் குறிகளை அழிக்க வேண்டும், காதணிகளைக் களைய வேண்டும் என்றும் ஆணைகள் வந்தன. முஸ்லிம், இந்து ஆகிய இரு சாராரின் மனமும் புண்பட்டது. மறுத்தவர்களுள் இருவருக்குத் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது. திப்புவின் மைந்தர்கள் சிறை வைக்கப்பட்டிருந்த அதே வேலூர்க் கோட்டையில், 1806 ஜூலை 10ஆம் நாள் அதிகாலையில் புரட்சி வெடித்தது.

அதை அடக்க ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி விரைந்து வந்தார். உடன் வந்த குதிரைப்படை எது? பிளாய்டுடன் சத்தியமங்கலத்தில் நின்ற அதே வெள்ளையர் குதிரைப்படையும், சென்னை மாகாண இந்தியக் குதிரைப்படையும்தாம். கோட்டைக்குள் தலைப்பாகைக்காக உயிர்விட்ட முஸ்லிம்களை வெட்ட வந்தவர்களுள்ளும் முஸ்லிம் வீரர்கள் இருந்தனர். வரலாறு இப்படித்தான் நம்மைச் சங்கடத்தில் ஆழ்த்துகிறது. பின்னர் ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

பிள்ளை சற்று நேரம் பேசாதிருந்தான். பின், "அப்படியானால் இரண்டு கட்சியையும் நாமே செய்ய வேண்டுமா?" என்றான். செய்யத்தான் வேண்டும். திப்புவின் வீரனுக்கு மட்டும் வண்ணம் தீட்டிவிட்டு மற்றவனைப் பெட்டியில் போடுவது எளிது, மனத்திற்கும் இதமானது. ஆனால் அந்த மற்றவனும் யாரோ ஓர் அத்தாவின் பிள்ளைதானே! சம்பளம் ஒழுங்காக வருமிடத்தில் சேர்ந்தவன். அவனுடைய படைப்பிரிவுகளின் வழிவந்தவை இன்றும் இந்தியத் தரைப்படையில் கவசப் படைகளாக இருக்கின்றன. 1776ஐத் தன் தோற்ற ஆண்டாகக் கொள்ளும் 16ஆம் குதிரைப்படை அவற்றுள் ஒன்று.

வண்ணம் தீட்டும்போது

கறுப்போ சாம்பலோ அடிவண்ணமாகப் பூசி உலர்ந்த பின்னரே வேலை தொடங்கும். கடைகளில் 'தோல் நிறம்' என்று எழுதி விற்கும் வண்ணம் பெரும்பாலும் இளஞ்சிவப்பாக இருக்கும்! உலகத்தார் அனைவரின் தோலும் அதுதான் என்று குப்பிக்காரர் முடிவு செய்துவிட்டார் போலும். நாம் செம்பழுப்பில் காவியும் சிறிது மஞ்சளும் கலந்து கொள்ள வேண்டும். ஒருவனுக்குக் கலந்த கலவையை இன்னொருவனுக்குப் பயன்படுத்தாமல், ஒவ்வொரு முகத்திற்கும் சற்று மாற்றினால் தென்னாட்டுப் படை தென்னாட்டுப் படையாகவே தோன்றும். வெள்ளை ஆடைக்கு வெண்மையை நேரே பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர் போலாகிவிடும். முதலில் வெளிர் சாம்பற்பழுப்பு, பின்னர் மடிப்புகளின் மேட்டில் மட்டும் வெண்மை. பள்ளங்களில் நீர்த்த கரும்பழுப்பு தானே ஓடித் தங்கும். குதிரைகளுக்கும் இதே முறைதான். செம்பழுப்பு உடலுக்குக் கருத்த பிடரியும் வாலும் பொருந்தும். எல்லாக் குதிரைகளுக்கும் நான்கு கால்களிலும் வெள்ளை வைத்தல் தவறு.

சென்னை மாகாணக் குதிரைப்படையினர் தொடக்கத்தில் சிவப்பு அணிந்தனர். நீலம் கலந்த வெளிர் சாம்பல் உடை 19ஆம் நூற்றாண்டில் வந்தது. சத்தியமங்கலம் போருக்கு அதைப் பூசுவது பொருந்தாது. மைசூர்ப் பக்கத்திற்குச் சிறந்த வழிகாட்டி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உள்ள தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியம். 1780 செப்டம்பர் 10இல் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை முறியடிக்கப்பட்ட காட்சி அங்கே சுவர் முழுவதும் விரிகிறது. அவ்வோவியம் பின்னாளில் புதுப்பிக்கப்பட்டது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டாலும், பாகைகளின் வகைகளையும் அங்கிகளின் நிறங்களையும் குதிரை அலங்காரத்தையும் அறிய அதற்கு நிகர் வேறில்லை. விடுமுறையில் மைசூர் செல்லும் குடும்பத்தார் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் அங்கும் அரைமணி நேரம் செலவிடலாம்.

பீடத்திற்குக் கடைச்சரக்கு தேவையில்லை. அட்டையில் பெவிக்கால் பூசி, சலித்த நம் தோட்டத்து மண்ணைத் தூவினால் போதும். தேங்காய் நாரை நறுக்கி நட்டால் கொழுக்கட்டைப் புல். மூலனூர், காங்கயம் பகுதிகளின் கொறங்காட்டு நிலங்களைக் கண்டவர்க்கு அவற்றின் வெள்வேல மரங்களும் முள்கிளுவை வேலிகளும் கண்ணிலேயே நிற்கும். மெல்லிய கம்பியைச் சுற்றி அம்மரங்களையும் செய்துவிடலாம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

உருவங்களை வீட்டில் வைத்தல் தகுமா என்னும் கேள்வி இயல்பாகவே எழும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் விளையாட்டுப் பொம்மைகள் இருந்ததும், அவற்றினிடையே துணியால் ஆன, இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததும், அதைப் பற்றி வினவிய அண்ணல் நபி (ஸல்) அவர்கள், சுலைமான் நபி (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததல்லவா என்று அன்னையார் கூறிய மறுமொழி கேட்டுச் சிரித்ததும் அபூதாவூத் தொகுப்பில் பதிவாகியுள்ளன. இதை வைத்துப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கு ஆலிம்கள் பலர் இடங்கொடுத்துள்ளனர். அலங்காரமாக நிறுத்தி வைக்கும் முழு உருவங்களை அவர்களே ஏற்பதில்லை. எனவே கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைக்காமல், ஆடி முடித்ததும் பெட்டியில் வைத்து மூடுவதே பேணுதலான முறை என எனக்குத் தோன்றுகிறது. இந்த அளவில் கண்ணும் மூக்கும் வரைய வேண்டிய அவசியமும் இல்லை. ஐயமுள்ளோர் தம் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிக.

பகடை இன்னொரு சிக்கல். மேலை நாட்டார் மோதலின் முடிவைப் பகடை உருட்டித் தீர்க்கின்றனர். பகடை ஆட்டத்தைப் பற்றிய நபிமொழிக் கண்டனத்தை அறிந்த நம் பெரியவர்கள் அதை வீட்டில் அனுமதிக்க மாட்டார்கள். இதற்கு வழி அந்தப் பிரஷ்யர்களிடமே இருக்கிறது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்னும் தளபதி, விதிப் புத்தகத்தையும் பகடையையும் ஒதுக்கிவிட்டு, போரனுபவம் உள்ள நடுவர் ஒருவரே முடிவுகளை அறிவிக்கும் முறையை எழுதினார். வீட்டில் வரலாறு படித்த பெரியவர் ஒருவர் நடுவராக அமர்ந்தால் போதும். இந்த வீரன் ஏன் தோற்றான் என்று பிள்ளை கேட்கும். பெரியவர் காரணம் சொல்லியாக வேண்டும். பகடை காரணம் சொல்லாது.

எங்கள் மேசையில் அந்த நடுவர் பணி என்னுடையது. கிளுவை வேலியைக் குதிரை தாண்டக் கூடாது, கடவு இருக்குமிடம் தேடிச் சுற்றித்தான் வர வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். முள்கிளுவையை அறிந்த எவரும் மறுக்காத விதி அது. தங்கை மகன் மட்டும் ஒவ்வொரு முறையும் வழக்காடுகிறான். சென்ற வாரம் சிவப்பு அங்கிக்காரர்களில் ஆறு பேருக்குத் தலை மாற்றி முடித்துவிட்டோம். இன்னும் பதினான்கு பேர் தலையின்றிப் பெட்டியில் கிடக்கிறார்கள்.